பதினொன்றாம் மாடியில் வயற்சேறு

கோகிலனின் இடது கால் பெருவிரல் ஒரு திங்கட்கிழமை காலை கெப்பாலா பத்தாஸ் வயல் தண்ணீரில் நனைந்தது. அந்த நேரத்தில் அவன் கடலுக்கு இந்தப் பக்கம், தீவில், ஜார்ஜ் டவுனில், மெலாத்தி ஃபிளாட்டின் பதினொன்றாம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். குனிந்து விரலைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் நனைந்தது. முதலில் நுனி, அப்புறம் நகத்தடி, அப்புறம் விரலிடுக்கு. அந்தத் தண்ணீர் கெப்பாலா பத்தாஸ் தண்ணீர் என்பது பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனான்.

நனைந்ததில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை, உணர்ந்ததில்தான். முந்தின வருடம் மழைக்காலத்தில் அவன் மனைவி யமுனா டெங்கிக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டாள். இருபத்தொன்பது வயது. சுடுகாட்டிலிருந்து திரும்பி, காலைக் கழுவக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து அவனுடைய உள்ளங்கால்கள் எதையும் சொல்வதில்லை. ஒருமுறை உடைந்த கிளாஸை மிதித்துவிட்டு, சமையலறையிலிருந்து கூடம்வரை ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் யாருக்கு அடிபட்டது என்று தேடினான். டாக்டர் சர்க்கரையைச் சோதித்தார், இல்லை. நரம்பைச் சோதித்தார், நன்றாக இருந்தது. கொஞ்சம் லீவு எடுங்கள் என்றார். கோகிலனுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை. சூட்டை அளக்கும் கருவிகள் சரியாக உணர்கின்றனவா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவன் லீவு எடுக்கவில்லை.

மெலாத்தி ஃபிளாட்டில் யாரும் செருப்பையோ சப்பாத்தையோ வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் அதில் ஒத்துப்போனார்கள். கதவுக்கு வெளியே, நடைவழிச் சுவரை ஒட்டி, வீட்டுக்கு ஒரு சப்பாத்துத் தட்டு. போகிறவர் வருகிறவர் தட்டைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள், விருந்தாளி வந்தது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். யமுனாவின் துணிகளை அவளுடைய அம்மா விசாலம் வந்து மடித்து எடுத்துப் போனபோது கோகிலன் தடுக்கவில்லை. வளையல், கைப்பை, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் போயிற்று. தட்டில் இருந்த நீலக் கேன்வாஸ் சப்பாத்தை மட்டும் இருக்கட்டும் என்றான். அவள் வேலைக்கும் கடைக்கும் அதைத்தான் போட்டுப் போவாள். சனிக்கிழமை மாலைகளில் சூலியா தெருவுக்கு மீ கோரெங் சாப்பிட நடந்து போவதும் அதில்தான். கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அதன் குதிகால் பக்கத்தை மடக்கி மிதித்தே நுழைவாள். இடது சப்பாத்தில் பெருவிரல் இருக்குமிடத்தில் ஒரு ஓட்டை. மழையில் நடந்தால் அந்த ஒரு விரல்தான் முதலில் நனைகிறது என்று தினமும் சொல்வாள், வேறு வாங்கமாட்டாள். தட்டில் இரண்டு ஜோடி இருந்தவரை நடைவழிக்கு அந்த வீட்டில் இரண்டு பேர். கோகிலனுக்கு அது போதுமாக இருந்தது.

நான்காம் மாடியில் ஷேரன் என்ற ஆசிரியை, ஓய்வுபெற்ற குமாஸ்தாவான தன் அப்பா நாதனுடன் இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், மெயின்லண்டில் சப்பாத்து இல்லாமல் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களைப் பற்றி அவளுடைய மாதா கோயில் இளைஞர் குழு பேசிப் பேசி, கடைசியில் வெறுங்கால் ஞாயிறு என்று ஒன்றை வைத்தது. கொடுக்கிற சப்பாத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு நாள் எல்லாரும் வெறுங்காலோடு இருந்து பார்க்க வேண்டும். லிஃப்ட் அருகே நின்று ஷேரன் ஒவ்வொருவராகப் பிடித்தாள். கால் சுடும் என்றவர்களிடம், "தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக் கோயில் வரைக்கும் வெறுங்கால்ல நடக்கறீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கீழ இறங்கி ரொட்டி வாங்கிட்டு வர முடியாதா?" என்று கேட்டாள். நான்கு மொழியிலும் அறிவிப்பு ஒட்டினாள். கொடுக்க விரும்பும் சப்பாத்துகளைச் சனிக்கிழமையே வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள், விடியற்காலை வந்து எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. நான்கு மொழியில் படித்தவர்களில் ஒருவருக்கும் அதில் இருந்த தப்பு தெரியவில்லை. மெலாத்தி ஃபிளாட்டில் சப்பாத்து வேறு எங்கே இருக்கும்?

ஞாயிறு விடியற்காலை லாரியோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். வாசலுக்கு வெளியே இருந்ததையெல்லாம் எடுத்தார்கள். ஆபீஸ் சப்பாத்து, பள்ளிச் சப்பாத்து, அடுத்த வாரம் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவனின் பெட்டி பிரிக்காத சப்பாத்து, காவலாளி மோகனராஜ் காயவைத்திருந்த பூட்ஸ். எட்டு மணிக்கு மொத்த ஃபிளாட்டும் வெறுங்காலோடு வாசலில் நின்று காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தது. மாலைக்குள் எல்லாச் சப்பாத்தும் யார் யார் காலிலோ ஏறிவிட்டன. ஷேரன் மாடி மாடியாக ஏறி மன்னிப்புக் கேட்டாள். வேண்டுமானால் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள். ஒருத்தர் காலில் கிடப்பதைக் கழற்றித் தா என்று எப்படிக் கேட்பது என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். கோகிலனின் வேலைச் சப்பாத்து எப்போதும் காரில்தான் கிடக்கும். தட்டில் இருந்த அவனுடைய சிலிப்பர் யாருக்கும் ஆகாதென்று குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தது. நீலச் சப்பாத்து போய்விட்டது.

மறுநாள் காலை அவனுக்கு விரல் நனைந்தபோது, மற்ற மாடிகளிலும் அப்படித்தான் ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. மோகனராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தார். மாலையில் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு ரொஸ்னா அக்காவின் சிலிப்பர் ஏதோ ஒரு குழந்தைக்குப் போயிருக்க வேண்டும், விற்பதற்கு நாசி லெமாக் சோற்றை இலையில் மடித்துக்கொண்டிருந்தவள் நின்ற இடத்திலேயே நொண்டியடிக்க ஆரம்பித்தாள். நாதன் அங்கிளின் வலது கால் நாள் முழுக்கப் பிரேக்கை மிதித்தது. தன்னுடைய சப்பாத்து ஒரு லாரி டிரைவரிடம் போயிருக்கிறது, மத்தியானம் ஈப்போவில் நின்று சாப்பிட்டோம் என்று அவர் லிஃப்டில் எல்லாரிடமும் சொன்னார். புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த உணர்வு நின்றுவிடும், கழற்றினால் திரும்ப வரும் என்பதை இரண்டு மூன்று நாளில் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளை உடனே புதிது வாங்கினான். மற்றவர்கள் மாலையில் வேலை முடிந்து வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு, கால் எங்கே போயிருக்கிறது என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யமுனாவின் சப்பாத்து ஏன் கோகிலனின் காலில் பேசுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. சட்டப்படி வாரிசு அவன்தானே என்று நாதன் அங்கிள் தீர்த்துவைத்தார்.

கோகிலன் வீட்டில் சப்பாத்து போடுவதை நிறுத்தினான். பிறகு கார் ஓட்டும்போதும் நிறுத்தினான். விடியலில் வரப்பு, ஈரப் புல், இடது பெருவிரலில் தண்ணீர். அப்புறம் ஆடுகிற ஒரு பலகை. அப்புறம் ஏதோ மிருதுவான, வழுக்கலான தரை. அங்கே கால் மெதுவாக, தேடித் தேடி நடக்கும். மத்தியானம் சூடான சிமெண்ட். அவனுடைய கால் அவனுடைய தரையைப் பற்றி இன்னமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தரையைப் பற்றி மட்டும் எல்லாம் சொல்லிற்று.

விசாலம் வெள்ளிக்கிழமைதோறும் டத்தோ கிராமட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவாள். மகள் போன பிறகு அவளும் மருமகனும் சாப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் சேர்ந்து செய்ததில்லை. சப்பாத்தைத் தொலைத்துவிட்டானே என்று முதல் வெள்ளிக்கிழமை வருத்தப்பட்டாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து, "இப்ப எங்க போறா மாப்ள?" என்று கேட்டாள். போகிறது யமுனா இல்லை என்று அவன் திருத்தவில்லை. "ஏதோ பலகை மேல அத்தை. கீழ தண்ணி ஓடுது." அவள் தலையாட்டினாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மணல் குத்துகிறது. இப்போது நிழல். கொஞ்சநேரம் சும்மா நிற்கிறது. இப்போது ஓடுகிறது, ஏன் என்று தெரியவில்லை. விசாலம் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போகையில் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

சில மாதங்களில் கோகிலனுக்கு வேறொன்று தெரிய ஆரம்பித்தது. சப்பாத்தின் அடி தேய்ந்துகொண்டிருந்தது. முன்பு கல் என்று மட்டும் தெரிந்தது, இப்போது கல்லின் முனை தெரிந்தது. பெருவிரல் ஓட்டையில் பக்கத்து விரலும் நனைந்தது. யாரோ ஒருவர் தினமும் நடந்து நடந்து அதை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார். யமுனாவினுடையது என்று அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவன் நான்காம் மாடிக்கு இறங்கிப் போனான்.

ஷேரன் கதவைத் திறந்ததும், "சாரி லா அண்ணே," என்றாள், அவன் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே. யாருக்கு எது போயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மூன்று இடத்தில் லாரி நின்றது, அவ்வளவுதான் தெரியும். பத்து காவானில் தொழிலாளர் விடுதி, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மண்டபம், கெப்பாலா பத்தாஸில் ஒரு மண்டபம். வயல் எங்கே இருக்கிறது என்று கேட்டான். கெப்பாலா பத்தாஸ்தான் என்றாள். தானும் வருகிறேன் என்றாள், அவன் வேண்டாம் என்றான். நாதன் அங்கிள் உள்ளேயிருந்து, தானும் இப்போது அந்தப் பக்கமாகத்தான் லாரியில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை பாலத்தைத் தாண்டி, கெப்பாலா பத்தாஸ் கடைத்தெருவில் ஒரு ஜோடி புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு, வயல் ஆரம்பிக்கிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். யாரிடமும் விசாரிக்கவில்லை. காலில் தெரிகிற தரையைக் கண்ணில் தேடிப் போனான். வரப்பு இருந்தது, எல்லா இடத்திலும் இருந்தது. வாய்க்கால் இருந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே, ஒரு வாத்துப் பண்ணைக்குப் போகிற பலகை இருந்தது. அதன் ஒரு நுனியில் ஏறி நின்றான். மறு நுனியில் யாரோ ஏறினார்கள். ஒரே பலகை அவன் காலில் இரண்டு தடவை ஆடியது. ரேடியோவில் இரண்டு நிலையம் கலந்து கேட்டுக்கொண்டிருந்து சட்டென்று ஒன்றாகிவிட்டதுபோல இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக, தான் நிற்கிற இடம் அவனுக்குக் காலில் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தான். நாற்பது வயதுக்காரி ஒருத்தி முட்டை வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். காலில் நீலச் சப்பாத்து. கயிறு ஒழுங்காகக் கட்டியிருந்தது.

அவள் பெயர் உமா. பத்து காவான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் தொழிற்பேட்டையானதும் இந்தப் பக்கம் வந்து, வாத்து முட்டை பொறுக்குகிறாள். சேற்றில் வெறுங்காலோடு நடந்து ஒருதடவை ஆணி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். முட்டை வாங்க வந்தவனென்று நினைத்து டஜன் விலை சொன்னாள். கோகிலன் கையிலிருந்த பெட்டியைத் திறந்து புதுச் சப்பாத்தைக் காட்டி, அதை வாங்கிக்கொண்டு காலில் கிடப்பதைத் தரமுடியுமா என்று கேட்டான்.

"புதுசக் குடுத்துட்டுப் பழசக் கேக்கறீங்க. உள்ள தங்கம் கிங்கம் தைச்சு வச்சிருக்கீங்களா தம்பி?"

"என் வீட்டுக்காரவங்களோடது. இறந்துட்டாங்க."

உமா வாளியை ஓரமாக இறக்கிவைத்தாள். பலகையிலேயே உட்கார்ந்து கழற்றி, வாய்க்கால் தண்ணீரில் அலசி, உதறி, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவள் காலிலிருந்து அது கழன்ற அந்த நொடியில் பலகை கோகிலனின் காலிலிருந்து போய்விட்டது. கார்வரை அவன் கால் இருக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கவேண்டியிருந்தது.

சப்பாத்து பழைய இடத்தில் காய்ந்தது. ரொஸ்னா அக்கா பார்த்துவிட்டு, "வந்துருச்சா, நல்லது லா," என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாலம் வாசலிலேயே நின்று அதை வெகுநேரம் பார்த்தாள். கயிற்றை எடுத்து நீவினாள். உள்ளே வந்து சோறு போட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை."

அவள் தலையாட்டினாள். இருவரும் சாப்பிட்டார்கள். போகும்போது மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கோகிலன் நடைவழியில் நின்று, வெளியே மழை பெய்து முடிகிறவரை நீலச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் ஓட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மறுநாள் காலை அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினான்.

உமா வாத்துகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள். "இது என்ன லைப்ரரி புக்கா தம்பி? எடுத்துட்டுப் போறீங்க, கொண்டு வர்றீங்க." கோகிலன் எல்லாவற்றையும் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. உமா தவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். மெயின்லண்டில் இதைப்போல வேறு கேட்டதில்லை, ஆனால் தீவுக்காரர்களுக்கு எதுவும் நடக்கும் என்று நினைத்தாள்.

"அப்ப நான் முள்ளு மிதிச்சா உங்களுக்கும் குத்துமா?"

"குத்தும்."

"நல்லா வேணும்," என்றாள். பிறகு சப்பாத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, விரலை ஓட்டையில் விட்டாள். "இத ஒட்டுப் போட்டுக்கறேன்."

"வேணாம்."

"உங்களுக்கு என்ன லா? நனையறது என் கால்."

"என்னோடதும்தான்."

உமா அவன் முகத்தைப் பார்த்தாள். ஒட்டுப் போடவில்லை. புதுச் சப்பாத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டாள். காலை மடக்கி உள்ளே நுழைக்கும்போது, கயிற்றைக் கட்ட நேரமில்லாமல், அதன் குதிகால் பக்கத்தை மிதித்தே போட்டுக்கொண்டு வாத்துக்கூட்டத்துக்குள் நடந்தாள். கோகிலன் பாலத்தின் நடுவில் இருந்தபோது அவன் விரல் நனைந்தது. காரை ஓரமாக நிறுத்தும்படி ஆகிவிட்டது. பாலத்தில் அப்படி நிறுத்தக்கூடாது என்று ரோந்து வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஓட்டுகிறவன் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, பின்னால் வருகிற வண்டிகளைக் கொஞ்சநேரம் ஒதுக்கிவிட்டார்.

அதற்கப்புறம் வெறுங்கால் ஞாயிறு மெலாத்தி ஃபிளாட்டில் வருடாவருடம் நடந்தது. அறிவிப்பை ஷேரன் மாற்றி எழுதவில்லை, மாற்றவேண்டாம் என்று ஃபிளாட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள். இப்போது எல்லாரும் தெரிந்தே வைத்தார்கள், நல்லதாகவே வைத்தார்கள். போகிற கால் நன்றாக இருக்க வேண்டுமே. மோகனராஜ் இந்தமுறை உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக் கொடுக்கும்படி லாரிப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தார். நாதன் அங்கிள் ஒரு மலையேறும் சப்பாத்தே வாங்கி வைத்தார். அது ஒரு பேக்கரிக்காரனுக்குப் போய், அவர் விடியற்காலையெல்லாம் சூடான தரையில் நின்றார். விசாலத்தின் வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன. கோகிலன் வெறுங்காலோடே பழகிவிட்டான், தொழிற்சாலைக்குள் மட்டும் போட்டுக்கொள்வான். அவன் வாசல் தட்டு காலியாகவே இருந்தது.

நீலச் சப்பாத்து இரண்டு வருடம் உழைத்தது. ஒருநாள் உமா ஃபோன் செய்து, அடி முழுக்கக் கழன்றுபோய்விட்டது, தைக்கவும் இடமில்லை, பண்ணைக் குப்பையோடு எரித்துவிட்டேன் தம்பி, மன்னிச்சுக்குங்க என்றாள். பரவாயில்லை அக்கா என்றான். அன்று மாலை முழுக்கத் தன் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். விடிந்தது. வழக்கமான நேரத்துக்கு அவன் இடது பெருவிரல் நனைந்தது. கதவைத் திறந்தான். வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடைவழியில் சேற்றுத் தடம் போயிருந்தது, சின்னப் பாதம், இடது பெருவிரல் மட்டும் மற்றதைவிட ஈரமாக. மோகனராஜ் காய்ந்த சேற்றைத் தினமும் கூட்டி ரொஸ்னா அக்காவின் பூந்தொட்டியில் போட்டுவருகிறார். இந்த வருடம் அதில் நெல் கதிர் விட்டது. பதினொன்றாம் மாடிக்குச் சிட்டுக்குருவி வருவதுதான் தொந்தரவு என்கிறாள் அவள்.

போன மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த புது ஆள் கோகிலனின் வாசலில் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லையா என்று எதிர்வீட்டில் கேட்டான். ரொஸ்னா அக்கா வாழையிலையைத் துடைத்துக்கொண்டே, "ஒருத்தர் உள்ளதான் இருக்காரு. இன்னொருத்தங்க விடியக்காலையே வேலைக்குப் போயிட்டாங்க," என்றாள். அவன் சரியென்று சிலிண்டரை இறக்கிவைத்து, சேற்றுத் தடத்தை மிதித்துவிடாமல் ஓரமாக நின்று மணியை அடித்தான்.